தோன்றல், திரிதல், கெடுதல்: சேலம் - நாமக்கல் பாறைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் 'பாறைச் சிதைவு' என்று ஒரு பாடம் உண்டு. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, மழையில் ஊறி, வேர் நுழைந்து பாறை உடைகிறது என்று நாலைந்து வகை சொல்லி, படம் போட்டு, இரண்டு மார்க் கேள்வியோடு முடிந்துவிடும். ஈழத்துப் பாடநூல்களில் இதையே 'வானிலையாலழிதல்' என்றார்கள். சிதைவு, அழிவு என்ற இரண்டு சொற்களுமே தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுத்தான் விளக்கத்தை ஆரம்பிக்கின்றன. பாறை என்பது முழுமை, அது உடைவது இழப்பு என்பது அந்தத் தீர்ப்பு. வரலாறு என்றால் கோட்டை, கல்வெட்டு, வம்சாவளி என்று பழகிப்போன நம் பார்வைக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. நின்றுகொண்டிருப்பதை மட்டும் பார்க்கிற கண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தமிழ் படித்தவன் கையில் இருக்கும் கருவி இலக்கணம். அதை வைத்தே இதை அணுகிப் பார்க்கிறேன். நன்னூல் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. இரண்டு சொற்கள் சேருமிடத்தில் ஓர் எழுத்து புதிதாக வரலாம், வேறொன்றாக மாறலாம், இல்லாமலும் போகலாம். விகாரம் என்ற சொல்லுக்கு இன்று அசிங்கம் என்ற பொருள் ஏறிவிட்டது. இலக்கணத்தில் அதற்கு மாற்றம் என்று மட்டுமே பொருள். பாறையும் மழையும் சேருமிடத்திலும் இந்த மூன்றும் நடக்கின்றன. பாடப்புத்தகம் கெடுதலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று யார் எதற்கு உரிமை கொண்டாடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, விட்டுப்போன அந்த இரண்டும் அவசியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

இந்தப் பகுதிப் பாறைகள் ரொம்பப் பழையவை. சேர்வராயன், கொல்லிமலை ஆகியவற்றின் சார்னோக்கைட் பாறைக்கும் நடுவில் கிடக்கும் நைஸ் பாறைக்கும் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை இவை. மேலே கிடந்ததெல்லாம் கரைந்து போன பிறகே வெளிச்சத்துக்கு வந்தன. ஆழத்தில் சௌகரியமாக இருந்த கனிமத்துக்கு நீரும் காற்றும் அந்நியம். வெளியே வந்ததும் அது மாறத்தான் வேண்டும்.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையில் மிகுதியாக உள்ள ஃபெல்ஸ்பாருடன் அது சேரும்போது சோடியமும் கால்சியமும் பொட்டாசியமும் தண்ணீரோடு போய்விடுகின்றன. இது கெடுதல். மிச்சமுள்ள அலுமினியமும் சிலிக்காவும் நீரோடு கூடிக் களிமண்ணாகின்றன. இது திரிதல். காக்காப்பொன் போன்ற கரும் கனிமங்களில் உள்ள இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. போன கால்சியத்தில் ஒரு பங்கு, மழை குறைந்த இந்தப் பக்கத்தில் ஆறுவரை போகாமல் மண்ணுக்குள்ளேயே படிந்து, கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கானாக வெளிப்படுகிறது. பாறையில் சுக்கான் கிடையாது, அது தோன்றியது. வெங்கச்சங்கல் மட்டும் லேசில் மசியாது. சுற்றியிருந்ததெல்லாம் போன பிறகு தனித்தனித் துகளாக உதிர்ந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. காவிரி மணல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித் திரிய மறுத்த துகள்களின் கூட்டம்.

எங்கள் பக்கம் இப்படி ஆன பாறையை 'மக்கின கல்லு' என்பார்கள். குப்பை மக்கினால் எரு. கல் மக்கினால் மண். புத்தகத்தில் உள்ள 'சிதைவு' என்ற சொல்லைவிட இந்தப் பேச்சுச் சொல் விஷயத்துக்கு எவ்வளவோ பக்கத்தில் நிற்கிறது.

இதில் வேகம் என்ன என்பது முக்கியம். தென்னிந்தியா போன்ற பழைய, கடினப்பாறை நிலங்களில் தரை தேய்வது பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை. பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். நாமக்கல் பாறையில் 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்த இரண்டு குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டிலேயே பெயர். அந்த மரபு போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் வந்த ஆட்சிகளும் போய்விட்டன. அவ்வளவு காலத்திலும் இந்தக் கணக்குப்படி சுற்றியுள்ள தரை ஒரு விரல்கடை அளவுக்குத்தான் இறங்கியிருக்கும்.

அந்தப் பாறை ஏன் நிற்கிறது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்று சமவெளியில் திடீரென்று நிற்கும் மலைகளைப் பார்க்கிறவர்களுக்கு அவை கீழிருந்து எழுந்தவை என்று தோன்றும். உண்மையில் அவை மீந்தவை. விரிசல் அதிகமுள்ள இடத்தில் நீர் இறங்கிற்று, பாறை மக்கிற்று, மண் உண்டாயிற்று. மண் ஈரத்தைப் பிடித்து வைத்தது. ஈரம் அடியிலுள்ள பாறையை மேலும் மக்க வைத்தது. மண்தான் மண்ணை உண்டாக்கும். விரிசல் குறைந்த இடத்திலோ பெய்த மழை வழுக்கி ஓடிவிட்டது. எதுவும் தங்காத மொட்டைப் பாறை காய்ந்தபடியே நின்றது. மலை நிற்பதற்குக் காரணம் அதில் எதுவும் ஒட்டாததுதான். வேலை முழுவதும் நடந்தது கண்ணுக்குத் தெரியாத, தாழ்ந்த, ஈரமான இடத்தில். பிற்பாடு கோட்டை கட்டுகிறவன் மலையைத் தேடிப் போகிறான், வரலாறு எழுதுகிறவன் கோட்டையைத் தேடிப் போகிறான். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட வெள்ளைக்காரனுக்குச் சங்ககிரிக் கோட்டைதான் கிடைத்தது. கோட்டைக்குச் சோறு போட்ட நிலம் கீழே மக்கின கல்லின்மேல் கிடந்தது. அடித்தள மக்கள் வரலாறு என்று பேசுகிற நாம், அடித்தளம் என்ற சொல்லை ஒரு தடவையாவது அதன் நேர்ப்பொருளில் எடுத்துப் பார்க்கலாம்.

3

மழை இப்படி இலவசமாகச் செய்து வைத்த வேலையின் பலனுக்கு யார் யார் உரிமை கொண்டாடினார்கள் என்று பார்த்தால், இந்த வட்டாரத்தின் வேறொரு வரலாறு கிடைக்கும்.

கஞ்சமலை காந்த இரும்பும் வெங்கச்சங்கல்லும் பட்டை பட்டையாக அடுக்கிய பாறை. விரிசல் வழியே உடைந்த துண்டுகள் அடிவாரத்தில் உருண்டு கிடக்கும். பெருமழைக்குப் பிறகு ஓடையில் கருமணல் ஒதுங்கும். கனமான இரும்புத் துகளைத் தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடும். மண் உலையும் துருத்தியும் கரியும் வைத்து இரும்பு உருக்கிய பழைய தொழிலாளிக்கு மலையைக் குடைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. மழை கீழே கொண்டுவந்ததே போதும். அவன் வேகம் மழையின் வேகத்தை அனுசரித்தது. இதைப் பொற்காலமாக்கிப் பாட எனக்கு விருப்பமில்லை. அந்த உலைக்கும் காடு எரிந்தது, அந்தத் தொழிலாளி சாதிப் படிநிலையில் எங்கே வைக்கப்பட்டான் என்பதும் தெரிந்ததே. ஆனால் அவன் எடுத்தது மலை உதிர்த்ததை மட்டும் என்ற வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனி உத்தியோகத்தில் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை இந்த வட்டாரத்துத் தாதுவை நம்பித்தான் பிறந்தது. கரிக்குக் காடுகளை விழுங்கிய அது அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. பிறகு 1967 ஜூலை 23இல் அண்ணா அரசு சேலம் உருக்காலைக்காகவும் சேதுசமுத்திரத் திட்டத்துக்காகவும் எழுச்சி நாள் நடத்தியது. 'தெற்கு தேய்கிறது' என்ற முழக்கத்துக்குக் கஞ்சமலை ஒரு சாட்சியாக இருந்தது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் ஆலை ஓட ஆரம்பித்தபோது அது வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கும் ஆலையாக இருந்தது. கஞ்சமலை இரும்பு அதில் உருகவில்லை. மலை அரசியல் உருவகமாகப் பயன்பட்டது, அவ்வளவுதான்.

சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே வெள்ளக்கல்பட்டி என்று ஓர் ஊர். பெயரே சொல்லிவிடும். அங்கே கிடைக்கும் வெள்ளைக்கல்தான் மாக்னசைட். மக்னீசியம் நிறைந்த டியூனைட் பாறையின் விரிசல்களில் கரியமில வாயுவைச் சுமந்த நீர் புகுந்து, பாறையோடு கூடி, வெள்ளை நரம்புகளாக இறுகிப்போனது. அந்த நீர் மேலிருந்து இறங்கிய மழையா, ஆழத்திலிருந்து ஏறிய வெந்நீரா என்று புவியியலாளர்களிடையே விவாதம் உண்டு. நீரும் வாயுவும் சேர்ந்து செய்த வேலை என்பதில் தகராறு இல்லை. இதைச் சுட்டு, உருக்காலை உலைகளுக்குள் பதிக்கிற, தீ தாங்கும் செங்கல் செய்கிறார்கள். தனியார் கம்பெனிகளும் பொதுத்துறையும் பங்கு போட்டுத் தோண்டின. தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் 1979இல் வந்தது. இப்படித் தயாரிக்கும்போது, பல யுகங்களுக்கு முன் கல்லுக்குள் கட்டுண்ட கரியமில வாயுவைச் சூளை சில மணி நேரத்தில் காற்றுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தோன்றலை எதிர்த்திசையில் ஓட்டுகிற காரியம் இது.

சேர்வராயன், கொல்லிமலை உச்சிகளில் கதை இன்னும் தீவிரமானது. உயரத்தில் மழை அதிகம், தண்ணீர் தேங்காமல் வடிந்துகொண்டே இருக்கும். அங்கே களிமண்ணில் இருந்த சிலிக்காவும்கூடக் கரைந்து போய்விடுகிறது. அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சி, துளை துளையான தொப்பியாக மலைமேல் உட்காருகின்றன. அதுதான் பாக்சைட். கெடுதல் அதன் எல்லைவரை போனால் என்ன மிஞ்சும் என்பதற்கு அது உதாரணம். மேட்டூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி இந்த உச்சிகளைத் தோண்டியது. 1995இல் அது ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. 2008இல் அலுமினிய உலை நிறுத்தப்பட்டது. மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடிகளுக்கு அந்தத் தொப்பியின்மேல் வயலும் வழியும் தெய்வமும் இருந்தன. குத்தகைப் பத்திரத்தில் டன் கணக்கு மட்டும் இருந்தது. ஒரு தொப்பியை உண்டாக்க லட்சக்கணக்கான ஆண்டு மழை தேவைப்பட்டது. அதைச் சுரண்டி எடுக்கப் பொதுவாக ஒரு குத்தகைக் காலம் போதும்.

பெயர் வைத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சார்னோக்கைட் என்ற பெயரை 1893இல் கொடுத்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் கம்பெனி ஏஜெண்ட் ஜோப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த பலகை பல்லாவரம் பக்கத்துப் பாறை என்று கண்டு, அந்த மனிதர் பெயரையே கல்லுக்கு வைத்தார். 250 கோடி ஆண்டுப் பாறைக்கு 17ஆம் நூற்றாண்டு வியாபாரி ஒருவரின் கல்லறையிலிருந்து பெயர். அதை உடைத்தவர்கள், மூட்டம் போட்டுச் சூடாக்கி பலகை பலகையாகப் பெயர்த்தவர்கள், கிணறு வெட்டியவர்கள் யாரும் எந்தக் கல்லுக்கும் பெயர் கொடுக்கவில்லை. கல்லின் போக்கை, அதாவது எந்தத் திசையில் தட்டினால் எப்படிப் பிளக்கும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. வெயில் நூற்றாண்டுக் கணக்கில் செய்கிற தோலுரித்தலைத் தீயால் ஒரே நாளில் செய்யும் நுட்பம் அவர்களுடையது. அறிவு எப்போது அறிவியலாகிறது, எப்போது வெறும் 'கூலி வேலை'யாகவே நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

4

இதுவரை சொன்ன எல்லோருமே மழை செய்து முடித்ததை எடுத்தவர்கள். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் நடந்தது வேறு. மழையின் வேலையையே தாண்டிப்போகும் தொழில்கள் வந்தன. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடுதான் தலைநகரம். அங்கிருந்து கிளம்பும் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. இந்தத் தொழிலில் 'எத்தனை அடி கேசிங்?' என்பது முக்கியமான கேள்வி. மண்ணும் மக்கின கல்லும் சரியாதபடி குழாய் இறக்குவார்கள். கெட்டிப்பாறை தட்டியதும் குழாய் நின்றுவிடும். கேசிங் நிற்கும் அடிதான் 250 கோடி ஆண்டுப் பாறையில் மழை இதுவரை செய்து முடித்த வேலையின் ஆழம். இந்தக் கணக்கை ரிக் தொழிலாளி தினமும் போடுகிறான்.

பழைய திறந்த கிணறு வாழ்ந்தது அந்த மக்கின அடுக்கில். அதன் துளைகளில் மழை தங்கியது, ஊறியது, ஏற்றம் போட்டு இறைத்தார்கள். அது ஊரளவான, காணக்கூடிய தண்ணீர். கிணற்றை எட்டிப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். ஆழ்துளை அந்த அடுக்கைக் குழாயால் மூடிவிட்டு, மக்காத பாறையின் விரிசலைத் தேடி ஆயிரம் அடிவரை போகிறது. அங்கே இருப்பது கொஞ்சம். அது மறுபடி நிரம்பப் பல காலம் பிடிக்கும். அதைத் தேடப் பணம் வேண்டும், கடன் வேண்டும். ஆக நூறடிக் கிணற்றிலிருந்து ஆயிரம் அடிக் குழாய்க்குப் போனது வெறும் ஆழம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. ஒரு காலக்கணக்கை விட்டு இன்னொன்றுக்குப் போனது. அதற்கு வசதி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவே இருந்த பழைய பிளவு இன்னும் ஆழமாயிற்று.

இரண்டாவது கிரஷர். காவிரி மணல் எப்படி உண்டாயிற்று என்று மேலே பார்த்தோம். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் மேலிருந்து வரும் மணலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கீழே மோகனூர், பரமத்தி வேலூர் கரைகளில் இருந்ததை லாரி லாரியாக அள்ளினார்கள். 2003இல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டதும் அள்ளுதல் நிற்கவில்லை. பிறகு மாற்றாக வந்தது எம் சாண்ட். 2023இல் அதற்கென்று தனிக் கொள்கையையே தமிழக அரசு வெளியிட்டது. ஆற்றைக் காப்பாற்றக் கரட்டை உடைப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம். நம் நண்பர்களில் சிலரும் ஆற்றை நினைத்து இதை வரவேற்றார்கள்.

கிரஷர் செய்வது என்ன? இலக்கணப்படி பார்த்தால் அங்கே தோன்றலும் இல்லை, திரிதலும் இல்லை. ஃபெல்ஸ்பார் ஃபெல்ஸ்பாராகவே, காக்காப்பொன் காக்காப்பொன்னாகவே சின்னதாகிறது. களிமண் வராது, சிவப்பு ஏறாது. ஆற்று மணல் உருண்டு வழவழப்பானது, கிரஷர் மணல் கூர்முனை கொண்டது. புதிதாக உடைந்த வெங்கச்சங்கல் தூசு பழைய தூசைவிட நுரையீரலுக்குக் கொடியது. சிலிக்கோசிஸ் என்ற நோய் குணமாவதில்லை. உடைந்த துகள் சிமெண்டோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் போய்விடும். மழையோடு சேர்ந்து திரியும் வாய்ப்பு அதற்கு அநேகமாக இல்லை. குவாரிக்காக மேல்மண்ணை வழித்து எறிகிறார்கள். மண்தான் மண்ணை உண்டாக்கும் என்பதால், வழித்த இடத்தில் அந்தத் தொடர் அறுந்துபோகிறது. மொட்டைப் பாறையும் பள்ளமும் மிஞ்சுகின்றன.

தூள் ஆக்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பாறைத் தூளை வயலில் தூவி, அது மழையோடு சேர்ந்து திரியும்போது காற்றின் கரியமில வாயுவைக் குறைக்கலாம் என்ற முயற்சிகள் உலகமெங்கும் நடக்கின்றன. இந்தியச் சிறு விவசாயிகளின் நிலத்தில் எரிமலைப் பாறைத் தூள் தூவும் மட்டி கார்பன் என்ற நிறுவனத்துக்கு 2025இல் எக்ஸ்பிரைஸ் போட்டியின் 5 கோடி டாலர் பரிசு கிடைத்தது. தூளை மண்ணிடமும் மழையிடமும் கொடுத்தால் திரிதல் தொடரும் என்பதற்கு இது சான்று. ஆனால் இதில் விற்பனைக்கு வருவது என்ன என்று பார்க்க வேண்டும். மழை இத்தனை காலம் கணக்கில்லாமல் செய்த வேலை இப்போது டன் ஒன்றுக்கு விலை போட்ட சரக்காகிறது. விலை போட்ட பிறகு யாருடைய மழை, யாருடைய வயல் என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

5

கிரஷர் மணல் என்ன வகை மண் என்று கேட்டால், பதில் நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் 2 இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டது. பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் உதவ, இந்தப் பாறையைச் சேலத்துக் கிரஷர்களில் உடைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இந்த மண்ணுக்கு 2020இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான் 3 நிலவில் இறங்கியபோது சித்தம்பூண்டி செய்தித்தாள்களில் பெருமையோடு வந்தது. பெருமை நியாயமானதே.

நான் கவனிப்பது வேறொன்றை. நிலவில் மழை இல்லை, காற்று இல்லை, வேர் இல்லை. அங்கே பாறை விண்கற்கள் மோதி நொறுங்கிக்கொண்டே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நொறுங்கியும் அது களிமண் நிலமாகவில்லை. கூர்முனைத் துகளாகவே கிடக்கிறது. அதனால்தான் அந்த மண்ணைச் செய்யக் கிரஷர் போதுமானதாயிற்று. சித்தம்பூண்டியில் அதே பாறைமேல் மழை செய்த மண்ணை அனுப்பியிருந்தால் சோதனைக்கு ஆகியிருக்காது. வேறு மாதிரி சொன்னால், சேலத்தைச் சுற்றி இரவும் பகலும் ஓடும் கிரஷர்கள் எதை உற்பத்தி செய்கின்றன என்பதை இஸ்ரோ நமக்கு அறிவியல்பூர்வமாக நிரூபித்துத் தந்திருக்கிறது. ஆராய்ச்சிக்குச் சில டன் நிலவு வேண்டும்தான். ஊர் ஊராக வேண்டுமா என்பதே கேள்வி.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. நம் திணை ஆய்வுகளில் பெரும்பாலானவை நிலத்தைக் காட்சித் திரையாகவும் பொழுதை அதில் விழும் வெளிச்சமாகவும் ஆக்கிவிட்டன. பாறை மண்ணாகும் இடத்தில் இரண்டும் ஒன்று. நிலம் என்பது அங்கே திரண்டுபோன பொழுதுதான். பெரும்பொழுது, சிறுபொழுது இரண்டோடு மூன்றாவதாக ஒன்றை, நெடும்பொழுது என்று நான் சொல்ல விரும்புகிற ஒன்றை, நம் விமர்சனம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபெர்னாண்ட் ப்ராதெல் மத்தியதரைக் கடலைப் பற்றி 1949இல் எழுதிய நூலில் அரசர் காலத்துக்கு அடியில் மலையும் கடலும் நகரும் மெதுவான காலத்தை வைத்தார். அவருக்குக்கூட அந்தக் காலம் ஏறத்தாழ அசையாத பின்புலம். இங்கேயோ அதைத் தோண்டி, உடைத்து, லாரியில் ஏற்றுகிறார்கள். அசையாததாக நினைத்த காலம் வாடகை லாரியில் போகிறது.

இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. 'மலையைக் காப்போம்' என்று சொல்லும்போது மலை ஒரு சிலைபோல ஆகிவிடுகிறது. சிலை என்றால் எதிர்த்தரப்பு உடனே 'கரடுதானே, வெறும் கல்லுதானே, யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்று கேட்கும். நாம் காக்க வேண்டியது நிற்கும் கல்லை மட்டுமல்ல, கல்லுக்கும் மழைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும் வேலையை. குவாரிக்கான மனுவில் எத்தனை கன மீட்டர் கல் என்ற கணக்கு இருக்கும். எத்தனை அடி மக்கின கல் போகிறது, அதில் எத்தனை கிணறு ஊறியது, அதன்மேல் யார் விவசாயம் செய்தார்கள் என்ற கணக்கையும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்தந்த ஊரில் ரிக் ஓட்டியவரைக் கூப்பிட்டு, எத்தனை அடியில் கேசிங் நின்றது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாலே போதும்.